பொறுப்பை ஒப்படைக்காத கீப்பர்

தொழில்முறைக் கால்பந்து அணியில் பணியாற்றியவன் என்று என்னை யாராவது அறிமுகம் செய்தால், கேட்பவரின் பார்வை முதலில் என் வயிற்றுக்குப் போகிறது; பிறகு மரியாதை கருதி முகத்துக்குத் திரும்புகிறது. நான் விளையாடியவன் அல்லன். அணியின் செயலாளராக இருந்தவன். அண்மையில் விளையாட்டு மேலாண்மை படிக்கும் சிலர் என்னைத் தேடிக் கோவைக்கு வந்தார்கள். ஆட்டத்தின் நடுவே யாரை எப்போது வெளியே எடுக்க வேண்டும் என்பதை இப்போதெல்லாம் கணினியே சொல்லிவிடுகிறதாம். "உங்க காலத்துல அதை எது சார் முடிவு பண்ணும்?" என்று கேட்டார்கள். "வர்கீஸ் சார்" என்றேன். அது எந்த மென்பொருள் என்று ஒருவர் குறித்துக்கொள்ளத் தயாரானார். அவருக்காகவே இதை எழுதுகிறேன்.

சமூகப்பணியில் முதுகலை முடித்தவன் நான். மனிதனின் துயரத்தை வகைப்படுத்தக் கல்லூரியில் கற்றேன். அதைக் குறைக்கும் வழியை அடுத்த பருவத்தில் நடத்துவார்கள் என்று காத்திருந்தபோது பட்டம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு துபாயில், கட்டடங்களுக்கு ஏசி டக்ட் என்னும் குளிர்காற்றுக் குழாய் பொருத்தும் ஒரு நிறுவனத்தில் தொழிலாளர் நல அலுவலராகச் சேர்ந்தேன். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. அல் குசைஸில் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப், அதற்கு எதிரே நிறுவனத்தின் கிடங்கு, கிடங்கின் மூலையில் என் மேசை.

நிறுவனத்தின் உரிமையாளர், எல்லோரும் அர்பாப் என்று அழைத்த இளைஞர், படிப்பதற்கு அமெரிக்கா போன இடத்தில் உள்ளரங்கக் கால்பந்தைப் பார்த்து மயங்கித் திரும்பினார். பனிச்சறுக்கு மைதானம் போல நான்கு பக்கமும் பலகைச் சுவர். பந்து சுவரில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் நிற்காது. ஓர் அணிக்குக் கீப்பரோடு ஆறு பேர். ஆட்டம் நான்கு கால்பகுதிகள். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், அதற்காக விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தவும் மாட்டார்கள்; பக்கவாட்டுச் சுவரில் இருக்கும் சிறு கதவு வழியாக ஒருவர் வெளியேற, மற்றவர் நுழைய வேண்டும். அர்பாபும் அவருடைய நண்பர்களான வேறு சில முதலாளிகளும் சேர்ந்து ஒரு லீக் தொடங்கினார்கள். நண்பர்கள் வெளிநாட்டிலிருந்து ஆட்டக்காரர்களை வரவழைத்தார்கள். எங்கள் அர்பாப் கிடங்கின் பாதியைக் காலி செய்து பலகைச் சுவர் எழுப்பச் சொல்லிவிட்டு, கேம்பில் வெள்ளிக்கிழமைகளில் பந்து உதைத்துக்கொண்டிருந்தவர்களிலிருந்து பத்துப் பேரைப் பொறுக்கினார். அவர்களுக்கு இனி டக்ட் வேலை கிடையாது, விளையாடுவதே டியூட்டி, சம்பளம் மாறாது.

அந்தப் பத்துப் பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். இந்த ஏற்பாட்டை அவர்கள் நம்பவில்லை. தொழிலாளர் நலனில் அக்கறை கொண்டவன் என்ற முறையில் நான் முதல் வாரமே குறைகேட்கும் கூட்டம் நடத்தினேன். "சார், வேலையே குடுக்க மாட்டேங்கிறாங்க" என்பதுதான் வந்த ஒரே குறை. வீட்டில் எப்படிச் சொல்வது என்பது அடுத்த சிக்கல். எங்கள் கீப்பர் செல்வராசு, பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர், தொலைபேசியில் மனைவியிடம் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். மறுமுனையின் குரல் வரிசையில் நின்ற எங்களுக்கெல்லாம் கேட்டது.

"பந்து புடிக்கிறதுக்குச் சம்பளமா? பட்டப்பகல்லயே குடிக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

"சத்தியமா இல்லடி. ஏசி ஹால்ல நின்னுகிட்டு, வர்ற பந்தைப் புடிக்கணும். அவ்வளவுதான்."

"நீங்க வேலையில இல்லன்னா நேரா சொல்லிப்புடுங்க. கதை வுடாதீங்க."

அதன்பின் ஓராண்டு காலம் செல்வராசு வீட்டைப் பொறுத்தவரை டக்ட் வேலையிலேயே இருந்தார்.

ஆனால் உண்மையில் அவரால் அந்த வேலைக்குத் திரும்ப முடியாது. டக்டைச் சுற்றிக் கட்டும் கிளாஸ் வுல் என்ற கண்ணாடிப் பஞ்சு அவர் உடம்புக்கு ஒவ்வவில்லை. முழங்கை வரை தோல் தடித்துச் சிவந்து, சொறிந்த இடமெல்லாம் புண்ணாகியிருந்தது. இனி இந்த மனிதர் அந்தப் பஞ்சைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் நிறுவனத்தில் பஞ்சைத் தொடாத வேலை என்றால் ஒன்று என்னுடையது, மற்றொன்று வர்கீஸ் சாருடையது. அணி மட்டும் உருவாகாமல் இருந்திருந்தால் செல்வராசுவின் விசா அந்த மாதமே ரத்தாகியிருக்கும். அவர் மகள் அப்போது நர்சிங் படிப்பில் சேர்ந்திருந்தாள்.

வர்கீஸ் சாரைப் பற்றி இனிச் சொல்லியாக வேண்டும். கோட்டயத்துக்காரர், நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவு மேலாளர். மலையாளிக்குக் கால்பந்து தெரியாமல் இருக்குமா என்ற துணிச்சலில் அர்பாப் அணியை அவரிடம் ஒப்படைத்து, எழுத்து வேலைக்கு என்னைச் செயலாளராக்கினார். கேரளம் முழுவதிலும் கால்பந்தில் நாட்டமில்லாத ஒரு மனிதரை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. வர்கீஸ் சாருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஓடும் இயந்திரத்தை நிற்காமல் ஓடச்செய்வது. அணியையும் அவர், கட்டடத்தைக் குளிர்விக்கும் ஒரு சில்லர் பிளாண்டாகவே கருதினார்.

காலையில் பயிற்சிக்கு முன், சைட்டில் செய்வதைப் போலவே, வரிசையாக நிறுத்துவார். ஒவ்வொருவரும் அன்றைய அபாயம் ஒன்றையும் அதைத் தடுக்கும் வழியையும் சொல்ல வேண்டும். "அபாயம், எதிர் டீம்ல அந்தச் சூடான்காரன். தடுக்கும் வழி, ரெண்டு பேர் முன்னாடி நிக்கிறது" என்று சொன்னால் தலையசைப்பார். ஒருநாள் பரமக்குடி மாரிமுத்து, எங்கள் மாற்றுக் கீப்பர், "அபாயம், கேம்ப் சாம்பார். தடுக்கும் வழி, மாஃபி" என்றார். வழி இல்லை என்பதை அரபியில் சொன்னால் ஓர் அதிகாரத் தோரணை வந்துவிடும் என்பது அவர் எண்ணம். வர்கீஸ் சார் சிரிக்கவில்லை. மறுநாள் சமையற்கூடத்துக்குச் சென்று சாம்பாரைப் பரிசோதித்து, அபாயம் உண்மையே என்று அறிவித்தார்.

அவருடைய நடைமுறைகளுள் முதன்மையானது ஷிப்ட் மாற்றம். இளமையில் அவர் வேலை பார்த்த பிளாண்டில், ஒரு வால்வை மூடியவன் அதை அடுத்த ஷிப்ட்காரனிடம் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டானாம். கம்ப்ரசர் எரிந்து, கோடைக்காலத்தில் ஒரு கட்டடம் முழுவதும் வியர்த்ததாம். அன்றுமுதல் அவரிடம் வேலை பார்த்த எவரும் பொறுப்பை ஒப்படைக்காமல் நகர்ந்ததில்லை. வெளியேறுகிறவர் மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும்: எது ஓடுகிறது, எது கெட்டிருக்கிறது, எதைக் கவனிக்க வேண்டும். உள்ளே வருகிறவர் அதைக் கேட்டு, ஐயம் இருந்தால் தீர்த்துக்கொண்டு, "லே லியா" என்று சொல்ல வேண்டும். பெற்றுக்கொண்டேன் என்று இந்தியில் பொருள். அந்தச் சொல் வரும்வரை பழைய ஆளே பொறுப்பு. அவர் இடத்தை விட்டு அசையக்கூடாது.

இதை அப்படியே அவர் கால்பந்துக்குக் கொண்டுவந்தார். மற்ற அணிகளில் ஒருவர் கதவுக்குள் பாய்வதும் இன்னொருவர் வெளியே பாய்வதும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். எங்கள் அணியிலோ, கதவருகே இருவர் நின்று அமைதியாக உரையாடுவார்கள்.

"எது ஓடுது?"

"நம்ம பக்கம் குமாரு நல்லா ஓடுறான். பந்து குடுக்கலாம்."

"எது கெட்டிருக்கு?"

"இடது பக்கப் பலகை. ஆணி ஆடுது. பந்து பட்டா செத்துப்போயி வுழுவுது."

"எதைக் கவனிக்கணும்?"

"தாடி வச்சவன. சட்டையப் புடிச்சி இழுக்குறான்."

"லே லியா."

இந்த உரையாடலுக்குள் எதிரணி ஒரு கோல் போட்டு, கட்டிப்பிடித்துக் கொண்டாடி, தன் இடத்துக்குத் திரும்பியிருக்கும். பார்வையாளர்கள் எங்கள் மாற்றங்களைக் காணவே வரத் தொடங்கினார்கள். கதவருகே இருவர் நெருங்கியதும் "லே லியா! லே லியா!" என்று அரங்கமே முழங்கும். வர்கீஸ் சார் அதை ஆதரவு என்று எண்ணினார்.

நான் விளைவுகளை எண்ணிப் பார்க்கிறவன். நாங்கள் வாங்கும் கோல்களில் பெரும்பகுதி இந்த உரையாடலின்போதே விழுகிறது என்பதை, மதிய உணவுக்குப் பின் அவர் மனம் இளகியிருக்கும் வேளை பார்த்து எடுத்துச் சொன்னேன். நன்மை தீமை இரண்டையும் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"மிஸ்டர் ராகவன், கோல் போகும், வரும். சிஸ்டம் போயாச்சுன்னா பின்னே வராது."

"சார், தோத்துக்கிட்டே இருக்கோமே."

"தோக்கறது ஓப்பரேஷன் பிரச்சினை. எடோ, ஞான் மெயின்டனன்ஸ் ஆணு."

கீப்பருக்கென்று அவர் தனி விதியும் வைத்திருந்தார். கெட்டுப்போன பின் பழுது பார்ப்பது மூடர் வழி, நன்றாக ஓடும்போதே மாற்றிவிட வேண்டும் என்பது பராமரிப்புக் கோட்பாடு. ஆகவே ஒவ்வோர் ஆட்டத்திலும் கடைசிக் கால்பகுதியின் நடுவே செல்வராசு வெளியேறி, மாரிமுத்து உள்ளே போவார். கால்பகுதிகளுக்கு இடையிலான ஓய்வில் மாற்றலாமே என்று கேட்டேன். நின்றுபோன இயந்திரத்தில் எது ஓடுகிறது என்று எப்படிச் சொல்வது என்று திருப்பிக் கேட்டார். மாரிமுத்து நல்ல மனிதர். பந்து தன்னை நோக்கி வரும்போது கண்ணை மூடிக்கொள்வார் என்பதைத் தவிர வேறு குறை அவரிடம் இல்லை.

நட்பு ஆட்டம் ஒன்றுக்காக நாங்கள் பஹ்ரைன் போனதையும் சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி செல்வராசுவின் துபாய் விசாவில் தொழில் என்ற இடத்தில் டக்ட் இன்சுலேட்டர் என்றிருப்பதைப் பார்த்தார். வந்த நோக்கம் கால்பந்து என்று நான் சொன்னதைக் கேட்டார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். பிறகு முன்னறிவிப்பின்றி மேசையிலிருந்த டிஷ்யூ பெட்டியைத் தூக்கி செல்வராசுவின் தலைக்கு மேலே எறிந்தார். செல்வராசு எம்பிப் பிடித்து, பணிவோடு மேசையில் திரும்ப வைத்தார். முத்திரை விழுந்தது. அடுத்து மாரிமுத்து வந்தார். அவருடைய நோக்கம் சுற்றுலா என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அன்று மாலை அந்த ஊரின் குதைபியாப் பகுதியில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் செல்வராசு எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். தம்முடைய தொழில் இன்னதென்று ஓர் அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டதாக அவர் கருதினார்.

லீக்கில் கடைசி இடம் பெறும் அணி வெளியேற வேண்டும் என்பது விதி. பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முன் எங்களுக்குக் கீழே ஒரே ஓர் அணிதான் இருந்தது. சமன் செய்தாலும் பிழைப்போம். தோற்றால் நாங்களே கடைசி. அர்பாப் எங்களை அழைத்து, சுருக்கமாகப் பேசினார். தோற்றால் என்ன என்று வர்கீஸ் சார் கேட்டதற்கு, இரு கைகளையும் தூசி தட்டுவதுபோல் தட்டி, "கலாஸ்" என்றார். அணி முடிந்தது என்று பொருள். ஒன்பது பேர் வெயிலில் கூரை மேல் டக்ட் வேலைக்குத் திரும்புவார்கள். செல்வராசு ஊருக்குத் திரும்புவார்.

அவருக்காக நான் என்னால் ஆனதைச் செய்தேன். பஞ்சைத் தொடாத மாற்றுவேலை ஒன்றை உருவாக்கலாம் என்று நிர்வாகத்திடம் எடுத்துரைத்தேன். தொழிலாளர் நலன், மனித மாண்பு, நீண்டகாலப் பயன் என்று வரிசைப்படுத்திப் பேசினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்ட நிதி மேலாளர், அந்த ஆள் நான் பார்க்கும் வேலையைச் செய்வாரா என்று ஆர்வத்தோடு விசாரித்தார். நான் விடைபெற்றுக்கொண்டேன்.

கடைசி ஆட்டம் ஒரு ஹோட்டல் முதலாளியின் அணியோடு. அவர்களிடம் மஞ்சள் ஷூ அணிந்த மொராக்கோக்காரர் ஒருவர் இருந்தார். பந்தைச் சுவரில் அடித்து, அது திரும்பி வரும் இடத்தில் தாமே போய் நிற்பார். அன்று செல்வராசு விளையாடியதைப் போல நான் யாரையும் பார்த்ததில்லை. கை, கால், முழங்கால், ஒருமுறை முதுகு என எல்லாவற்றாலும் தடுத்தார். கடைசிக் கால்பகுதி தொடங்கியபோது நாலுக்கு நாலு. அதன் நடுப்பகுதி வந்தது. வர்கீஸ் சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாரிமுத்து, ரெடி ஆகு."

"சார்," என்றேன், "இன்னைக்கு ஒரு நாள்..."

"மோட்டர் நல்லா ஓடுது. இதுதான் சர்வீஸ் டைம்."

மாரிமுத்து எழுந்து கதவருகே போய் நின்றார். வர்கீஸ் சார் கையை உயர்த்திச் சைகை காட்டினார். கோல் வாயிலில் நின்ற செல்வராசு அதைப் பார்த்தார். வழக்கமாக ஓடி வருகிறவர் அன்று அசையவில்லை. நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்.

"மாரிமுத்து! கேட்டுக்க! எது ஓடுதுன்னா, மஞ்ச ஷூக்காரன் ஓடுறான்! எப்பவும் வலது சுவத்துல அடிச்சிட்டு உள்ள வருவான்!"

மாரிமுத்து ஒரு கணம் விழித்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது.

"எந்த மஞ்ச ஷூ, அண்ணே? ரெண்டு பேரு போட்ருக்கானுங்களே!"

"உசரமானவன்டா! குட்டையன் போட்ருக்கது பச்ச!"

"வெளிச்சத்துல மஞ்சளாத்தான் தெரியுது, அண்ணே!"

இதற்குள் உயரமானவர் சொன்னபடியே வலது சுவரில் அடித்து உள்ளே வந்தார். எங்கள் குமார், இந்த உரையாடலைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், முன்கூட்டியே அங்கே போய் நின்று பந்தைப் பறித்தார்.

"எது கெட்டிருக்கு, அண்ணே?"

"என் எடது முட்டி கெட்டிருக்கு! இந்தக் கோல் வலை கீழ கிழிஞ்சிருக்கு! அந்தக் குட்டையனுக்கு எடது கால் சுத்தமா வராது!"

"குட்டையனுக்கா, உசரமானவனுக்கா?"

"குட்டையனுக்குடா! அவன எடது பக்கமே தள்ளுங்க!"

கடைசிச் சொற்கள் மாரிமுத்துவுக்கானவை அல்ல என்பது அரங்கில் தமிழ் தெரிந்த அனைவருக்கும் விளங்கிவிட்டது. எங்கள் ஆட்டக்காரர்கள் தள்ளினார்கள். குட்டையானவர் இடது காலால் உதைத்த பந்து விளக்கைத் தொட்டுத் திரும்பியது.

"மாரிமுத்து! லே லியா பறயெடா!" என்று வர்கீஸ் சார் கத்தினார்.

"சார், இன்னும் மூணாவது பாயிண்ட் வரல சார்!"

மூன்று செய்திகளும் முழுமையாகக் கேட்கப்படாமல் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்பதை வர்கீஸ் சாரே அல்லவா ஆண்டுக்கணக்காகப் போதித்தவர்? அதட்டியிருந்தால் மாரிமுத்து சொல்லியிருப்பார். வர்கீஸ் சார் அதட்டவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அரங்கின் கூரையிலிருந்த ஏசி டக்டை, அதன் வேலைப்பாட்டை மதிப்பிடுகிறவர் போல, உற்றுப் பார்க்கத் தொடங்கினார்.

"எதைக் கவனிக்கணும், அண்ணே?"

"எல்லாத்தையுந்தான்டா! மொதல்ல அந்தத் தாடிய! அப்புறம் அந்தக் கம்மல் போட்டவன!"

"எந்தக் காதுல கம்மல், அண்ணே?"

"ரெண்டு காதுலயும்!"

"சின்னக் கம்மலா, வளையமா?"

அரங்கம் எழுந்து நின்றிருந்தது. "லே லியா! லே லியா!" என்று முழங்கிய கூட்டம், அது வரக்கூடாது என்பதை எப்படியோ புரிந்துகொண்டு, "மாஃபி லே லியா! மாஃபி லே லியா!" என்று மாறியது. கேள்விகள் இப்படியே நீண்டன. ஆட்டத்தின் கடைசி நொடிகளில் உயரமானவர் எல்லோரையும் கடந்து கோலுக்கு நேரே வந்துவிட்டார். செல்வராசு பேச்சை நிறுத்தாமலே பாய்ந்தார். "இவன் இப்ப எடது பக்கந்தான்..." என்ற சொல்லோடு பந்து அவர் முகத்தில் மோதியது, மிச்சச் சொல் பந்தோடு சுவருக்குப் போனது. நீண்ட விசில் ஒலித்தது. நாலுக்கு நாலு.

அர்பாப் படிகளில் இறங்கி வந்தார். மூக்கில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்த செல்வராசுவைக் காட்டி, "யே ஆத்மி பஹுத் போல்தா ஹை" என்றார், மிகுதியாகப் பேசுகிறானே என்று. பிறகு, எங்கள் அணியில் வாயைத் திறந்து ஆட்டத்தை நடத்துகிற ஒரு தலைவன் இருப்பதை ஏன் தன்னிடம் மறைத்தீர்கள் என்று வர்கீஸ் சாரைக் கேட்டார். அடுத்த ஆண்டும் அணி உண்டு என்றார். ஒன்பது பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். செல்வராசு மட்டும் மருந்துப் பஞ்சை மூக்கில் அழுத்திக்கொண்டு, தாம் கேட்டது சரிதானா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலை வர்கீஸ் சார் என்னை அழைத்தார். அவர் இரவெல்லாம் யோசித்திருந்தது கண்களில் தெரிந்தது.

"மிஸ்டர் ராகவன், நேத்து செல்வராசு டைமுக்கு டியூட்டி மாத்தலை. ஒரு வார்னிங் அடிக்கணும்."

"சார்!"

"முழுசாக் கேளுங்க. டியூட்டி டைமுக்கு மேல வேலை செஞ்சிட்டுண்டு. அதுக்கு ஓவர்டைம் எழுதணும். ரெண்டும் கறெக்டாணு. ரெண்டும் வேணும்."

நான் அன்று அவரோடு நீண்ட நேரம் வாதாடினேன். ஒரே செயலுக்காக ஒரு தொழிலாளியைத் தண்டித்துப் பாராட்டுவது அவர் மனத்தில் எத்தகைய குழப்பத்தை விளைவிக்கும் என்று விளக்கினேன். அவர் கேட்கவில்லை. வேறு வழியின்றி எச்சரிக்கைக் கடிதத்தைத் தட்டச்சு செய்து, கேம்புக்கு எடுத்துப் போனேன். செல்வராசு வீங்கிய மூக்கோடு கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கடிதத்தைக் கண்டு அவர் பதறாமல் இருக்க, முதலில் ஓவர்டைம் செய்தியைச் சொன்னேன். பிறகு வருத்தம் தெரிவித்து, கடிதத்தைக் கொடுத்து, அதன் உள்ளடக்கத்தை மொழிபெயர்த்தேன். மூன்று எச்சரிக்கைகளுக்குப் பிறகே ஒருவரை வேலையிலிருந்து நீக்க முடியும் என்ற விதியையும் ஆறுதலாக எடுத்துச் சொன்னேன்.

அவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் எதிர்பார்த்த குழப்பம் அவர் முகத்தில் தோன்றவே இல்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மாரிமுத்துவைத் தட்டி எழுப்பி, கடிதத்தை அவர் கண்ணெதிரே நீட்டினார்.

"பாருடா, வார்னிங் குடுத்துருக்காங்க! வீட்டுக்கு அனுப்பறவனுக்கு எவனாவது வார்னிங் குடுப்பானா? இன்னும் ரெண்டு பாக்கி வேற இருக்காம்டா!"